பஞ்சுவும் தொப்பியும் காலி செய்த கிண்ணம்

காலியான தட்டைப் பார்த்ததும், அதில் இருந்ததெல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் இரண்டே வகைதான். ஒன்று அம்மாக்கள். இன்னொன்று கோழித் தீவனம் விற்கிறவர்கள். என் அம்மா முதல் வகை. நான் இரண்டாம் வகை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் என் கல்யாணம் பாதியில் நின்றுபோகப் பார்த்தது. கதையில் இரண்டு எலிகளும் உண்டு. ஆனால் அவற்றின் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. மொத்தச் சம்பவத்திலும் மூளையோடு நடந்துகொண்டவை அவை இரண்டு மட்டுமே.

நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கொடுப்பது என் தொழில். பண்ணைக்குள் நுழைந்ததும் நான் கோழியைப் பார்க்க மாட்டேன். தொட்டியைத்தான் பார்ப்பேன். தீவனம் மீந்திருந்தால் கோழிக்குச் சீக்கு, அல்லது என் தீவனத்தில் கோளாறு. தொட்டி காலி என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். பத்து வருடமாகக் காலித் தொட்டிகளைப் பார்த்துப் பார்த்து, வாயுள்ள எந்த ஜீவனுக்கும் தீனி போடத் தெரிந்தவன் நான்தான் என்ற கர்வம் எனக்குள் முளைத்துவிட்டது. (இதை ஒரு தகுதியாக நினைத்துப் பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் சொல்லியிருக்கிறேன். முப்பது வயது வரை ஏன் பெண் அமையவில்லை என்று இப்போது புரிகிறது.)

அப்படிப்பட்ட எனக்கு நந்தினி அமைந்தாள். திருச்செங்கோட்டுப் பெண். அப்பா போர்வெல் ரிக் லாரி வைத்திருப்பவர். நந்தினிக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தோழியோடு வாடகை வீடு. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, போன் நம்பரும் கைக்கு வந்துவிட்டது. இனி பெண்வீட்டார் வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு எலி புடிக்குமுங்களா?"

"நல்லாப் புடிப்பேனுங்க. போன மாசம் குடோன்ல மட்டும் நாப்பது."

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"நான் எலி வளக்கறேனுங்க" என்றாள் மெதுவாக. "ரெண்டு."

அலுவலகப் பயிற்சிக்காகப் பத்து நாள் ஹைதராபாத் போகிறாளாம். தோழி ஊருக்குப் போய்விட்டாளாம். எலிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"உங்க ஊட்டுல உட்டுட்டுப் போலாமில்லீங்க?"

"எங்கப்பாவுக்குத் தெரியாதுங்க. லாரியில ஒயரக் கடிச்சு வெக்குதுன்னு எலின்னாலே அவருக்கு ஆகாது. நான் வளக்கறது தெரிஞ்சா அன்னிக்கே ரெண்டையும் கொண்டுபோயி எங்காவது காட்டுல உட்டுருவாரு. அதுக ஒரு நாளுகூடத் தாங்காதுங்க."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். (போனில் தெரியாதுதான். ஆனாலும் நிமிர்த்தினேன்.) "என்றகிட்டக் குடுங்க. லட்சம் கோழிக்குத் தீனி போடறவனுக்கு ரெண்டு எலி ஒரு கணக்கா?"

"பத்து நாள்ல ரெண்டும் அப்படியே திரும்பி வரோணும். எங்கப்பா காதுக்குப் போகக் கூடாது. அப்பறந்தான் உப்புச்சக்கரையெல்லாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில், துப்பட்டாவால் மூடிய ஒரு கூண்டை என் கையில் கொடுத்துவிட்டு, சேலத்தில் ரயில் பிடிக்க ஓடினாள். துப்பட்டாவை விலக்கினேன். ஒன்று பஞ்சுபோல வெள்ளை. பெயரும் பஞ்சு. இன்னொன்றுக்கு உடம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் கறுப்பு. குரங்குக் குல்லாய் போட்டதுபோல் இருந்த அதன் பெயர் தொப்பி. இரண்டும் பெண். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தன. பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்கும் அதே பார்வை.

கூண்டோடு இரண்டு பக்கக் கடிதமும் இருந்தது. காலையில் ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். வேகவைத்த அரிசி, கேரட், பட்டாணி. எப்போதாவது முட்டையில் ஒரு துண்டு. வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. படுக்கைக்கு மரத்தூள் வேண்டாம், காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க மரக்கட்டை வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் வெளியே விட்டு விளையாட வேண்டும். கடைசி வரியில் சிவப்பு மையில் அடிக்கோடு: 'கிண்ணம் காலியாக இருந்தாலும் மறுபடி போடாதீர்கள்.'

நான் சிரித்தேன். ஒரு ஸ்பூனாம்! நான் தீவனத் துறையில் பத்து வருடம். கம்ப்யூட்டர் தட்டுகிற பெண்ணுக்கு என்ன தெரியும்?

வீட்டில் நானும் அம்மாவும்தான். ஹாலை ஒட்டிய ஆபீஸ் அறையில் கூண்டை ஒளித்து வைத்தேன். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன்டா, இதென்னடா கருமம்?"

"கம்பெனி எலிம்மா. தீவனம் டெஸ்ட் பண்ணக் குடுத்திருக்கறாங்க."

"கோழித் தீவனத்த எலிக்குப் போட்டு என்னத்தடா டெஸ்ட்டு?"

"கோழி சொல்லாதத எலி சொல்லுமாம்."

அம்மா நம்பிவிட்டார். என் கம்பெனி எதையும் செய்யும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

முதல் நாள் ஒரு ஸ்பூன் போட்டேன். பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. மறுபடி போட்டேன். காலி. மக்காச்சோளம், நிலக்கடலை, பிஸ்கட் துண்டு என்று வகை வகையாகப் போட்டேன். எல்லாம் காலி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தப் பசியை என் பண்ணைகளில் ஒரு கோழியிடம்கூடப் பார்த்ததில்லை. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, கோழிக்கு எழுதுவதுபோல், காலைத் தீனி, மாலைத் தீனி, மீதம் என்று எழுத ஆரம்பித்தேன். மீதம் என்ற கட்டத்தில் தினமும் சைபர். அந்தச் சைபரைப் போடும்போது நான் அடைந்த பெருமை கொஞ்சமல்ல.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. பண்ணையிலிருந்து கீறல் முட்டைகள் எங்கள் வீட்டுக்கு எப்போதும் வரும். அம்மா அதை வேகவைத்து, பாதியாக வெட்டி, கூண்டுக்குள் வைத்துவிடுவார். "வாயில்லாச் சீவன், பாவம், காலிக் கிண்ணத்தப் பாத்துட்டு உக்காந்திருக்குதுக" என்பார். பந்தியில் இலை காலியாக இருப்பதை ஒரு நிமிடம்கூடப் பார்த்துப் பொறுக்க முடியாத குடும்பம் எங்களுடையது. எலிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்போமா?

தினமும் போனில் நந்தினி கேட்பாள்: "அளவாத்தான் போடறீங்களா?"

"ஒரே ஸ்பூனுங்க" என்பேன், கையில் ஒரு படி கடலையோடு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எட்டு நாளில் நான் அந்த எலிகளிடம் முழுசாக விழுந்துவிட்டேன். அதுவரை எலி என்றால் எனக்கு மூட்டையில் ஓட்டை, அவ்வளவுதான். பஞ்சு காலையில் எழுந்ததும் முகம் கழுவும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் நக்கி, காதுக்குப் பின்னால்வரை தேய்த்து, மீசையை ஒவ்வொன்றாக இழுத்துவிடும். (நான் அவ்வளவு அக்கறையாகக் கழுவியது பெண் பார்க்கப் போன அன்று மட்டும்தான்.) பிறகு தொப்பியின் முகத்தையும் கழுவிவிடும். தொப்பி கண்ணை மூடிக்கொண்டு, பல்லை நறநறவென்று மெதுவாக அரைக்கும். கோபமாக்கும் என்று பயந்து கடிதத்தைப் பார்த்தேன். சந்தோஷமாம்! அசிங்கம் செய்ய ஒரே ஒரு மூலை. மற்ற இடமெல்லாம் படுசுத்தம். நான்காம் நாள் தொப்பி என் சட்டைப் பையில் ஏறித் தூங்கியது. ஒரு பண்ணைக்காரர் போன் செய்தபோது, அது எழுந்துவிடுமே என்று கிசுகிசுவென்று பேசினேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து அவர் மிளகு ரசம் வைக்கச் சொன்னார்.

ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. இவ்வளவு தின்றும் எடை ஏறவில்லை. கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் இருந்த அதே எடை. கோழியாக இருந்தால் பண்ணைக்காரர் என் சட்டையைப் பிடித்திருப்பார். இன்னொரு விஷயமும் உண்டு. சில நாள் காலையில் கூண்டுக் கதவு லேசாகத் திறந்திருக்கும்.

"நீதான்டா சாத்தாம உட்டிருப்பே" என்பார் அம்மா.

"நீங்கதான் முட்டை வெச்சுட்டு மறந்திருப்பீங்க" என்பேன் நான்.

உள்ளே இரண்டும், கூண்டில் கட்டியிருந்த துணித் தொட்டிலில் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் சண்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லாதது போல.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாமனாராகப் போகிறவர், அவருடைய அக்கா, இன்னும் ஏழெட்டு உறவினர். கூண்டை ஆபீஸ் அறையிலேயே, உள்ளே பார்க்காமல், அவசரமாகப் போர்வை போட்டு மூடி, கதவைச் சாத்திவிட்டேன். ஹாலில் புதிதாக வார்னிஷ் அடித்த எங்கள் மரத் திவான். அதன் நடுவில், சபைக்குத் தலைமை தாங்குவதுபோல, அக்கா உட்கார்ந்தார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்தார்கள். அம்மா பலகாரம் எடுத்து வந்தார்.

யாரும் தொடவில்லை.

அக்கா சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனார். ஓர் உறவினர் ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். அம்மா கவலையோடு, "என்னுங்க, அல்லாருக்கும் சளி புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோழிப்பண்ணைக் காற்றிலேயே வளர்ந்த எங்கள் மூக்கு, எங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே வேலையை ராஜினாமா செய்துவிட்டது. கோழி எரு லாரி வாசலில் நின்றாலும் எங்களுக்கு அது காற்று. ஆகவே ஒரு வாரமாக எங்கள் ஹாலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியாது.

"வாசம் ஒண்ணு வருதுங்களே மாப்ள" என்றார் மாமனார், மிகுந்த மரியாதையோடு.

"பண்ணை வாசமாட்ட இருக்குமுங்க மாமா."

"இல்லீங். இது இங்கதான் எங்கியோ ஊறுது."

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் ரிக் மட்டும் ஓட்டுவதில்லை. எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பாயிண்டும் பார்ப்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் பார்த்த பாயிண்டுக்காகச் சங்ககிரியிலிருந்து வாழப்பாடி வரை ஆள் வந்து கூட்டிப்போவார்கள். தொழில் ரத்தத்தில் ஊறியவர் சும்மா உட்காருவாரா? தாம்பாளத்திலிருந்த தேங்காயை எடுத்தார். உள்ளங்கையில் படுக்க வைத்தார். செருப்பில்லாத காலோடு, ஹாலில் ஓரெட்டு ஓரெட்டாக நடக்க ஆரம்பித்தார்.

விளையாட்டுக்குத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். அவருடைய உறவினர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, கோவில் சந்நிதியில் நிற்பதுபோல் நின்றார்கள். டிவி பக்கம் போனார். தேங்காய் படுத்தே இருந்தது. சமையலறை வாசல். படுத்தே இருந்தது. திவான் பக்கம் திரும்பி ஓர் அடி வைத்தார். தேங்காய் குடுமியைத் தூக்கியது. இன்னொரு அடி. அக்காவின் முழங்காலுக்கு நேரே, தேங்காய் நட்டுக்குத்தலாக எழுந்து நின்றது.

"அக்கா, எந்திரிங்க. பாயிண்டு இங்கதான்."

"ஏன்டா, என்னையவாடா சொல்றே?" என்று அக்கா அலறினார்.

நாலு பேர் சேர்ந்து திவானை நகர்த்தினார்கள்.

அடியில் ஒரு குடோன் இருந்தது. நான் தொழிலில் பார்த்த எந்தக் குடோனையும்விடச் சுத்தமான குடோன். சுவரோரம் மக்காச்சோளம் ஒரு குவியல். அதற்கு இந்தப் பக்கம் கடலை. பிஸ்கட்டுகள் தனியாக. நடுவில், வழவழவென்று, பாதி பாதியாக வெட்டிய முட்டைகள். மஞ்சள் கரு பச்சையாகி, பச்சை கறுப்பாகி, எங்கள் சம்பந்தத்தின் மேல் தம் மணத்தைப் பரப்பிக்கொண்டிருந்தன. ஒரு வாரமாக நான் சைபர் சைபராக எழுதிய தீனி அத்தனையும் அங்கே இருந்தது. ஒரு ஸ்பூன் போதும் என்று நந்தினி எழுதியது உண்மை. அந்த ஒரு ஸ்பூனைத் தின்றுவிட்டு, மீதியை ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கொக்கியைத் தூக்கிக் கதவைத் திறந்து, நாளைக்கு இந்தக் கிறுக்கன் போடாமல் விட்டால் என்ன செய்வது என்று சேமித்திருக்கின்றன. காரியம் முடிந்ததும் கூண்டுக்குத் திரும்பி நல்ல பிள்ளைகளாகத் தூங்கியிருக்கின்றன. அம்மா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த மாதிரிக் கல்யாணப் பத்திரிகைகளைப் பொடிப்பொடியாகக் கிழித்து அங்கே ஒரு மெத்தையும் தைத்திருந்தன. அந்த மெத்தையின் மேல், கூண்டில் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த பஞ்சுவும் தொப்பியும், வெளிச்சம் பட்டு நடுங்கிக்கொண்டு, ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

"எலி! எலி!" என்று அக்கா பலகாரத் தட்டோடு நாற்காலி மேல் ஏறினார். ஜன்னலோரம் நின்றவர் வாசலுக்கு ஓடி ஒரு செருப்போடு திரும்பி வந்தார்.

அடுத்து நான் செய்ததை நானே எதிர்பார்க்கவில்லை. வெள்ளை வேட்டி, புதுச் சட்டையோடு அந்த முட்டைக் குவியலின் மேல் தொப்பென்று விழுந்து, இரண்டு எலிகளையும் கையால் மறைத்துக்கொண்டு கத்தினேன்:

"அடிக்காதீங்க! என்ற எலிங்க!"

செருப்பு அந்தரத்தில் நின்றது. அம்மாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"கம்பெனி எலின்னு சொன்னியேடா?"

"இல்லம்மா. என்ற எலிதான். ஆசைக்கு வளக்கறேன்."

"மாப்ள எலி வளக்கறாருங்களா?" என்றார் செருப்புக்காரர், ஏதோ சாராயம் காய்ச்சுகிறேன் என்று கேள்விப்பட்டவர் போல.

"இந்தச் சம்மந்தம் நமக்கு வேண்டாம்டா" என்றார் அக்கா நாற்காலியிலிருந்து.

மாமனார் தேங்காயைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு என் அருகே வந்து குனிந்தார்.

"எத்தன நாளா வளக்கறீங்க மாப்ள?"

"ரெண்டு வருசமாங்க மாமா." (என் சட்டையில் அழுகிய முட்டை வழிந்துகொண்டிருந்தது. பொய் சொல்வதற்கு அது வசதியான கோலம் அல்ல.)

"பேரு வெச்சிருப்பீங்களே?"

நந்தினி வைத்த பெயரைச் சொன்னால், நாளைக்கு அவள் வாய்தவறிச் சொல்லும்போது மாட்டிக்கொள்வாளே என்று பயந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். "ராமு, சோமுங்க."

"கூப்புடுங்க, பாக்கலாம்."

"ராமு" என்றேன். "சோமு..." ஒரு மீசைகூட அசையவில்லை. இரண்டும் என் முழங்கைக்குள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டன.

மாமனார் சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கையை விட்டு, ஓட்டோடு ஒரு நிலக்கடலையை எடுத்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் எழுப்பினார்.

"பஞ்சு, வா சாமி."

என் முழங்கைக்குள்ளிருந்து பஞ்சு தலையை நீட்டியது. மூக்கை ஆட்டியது. பிறகு அழுகிய முட்டை, நான், சபை, மானம் எல்லாவற்றையும் தாண்டி நேராக ஓடி, அவர் கைமேல் ஏறி, தோளில் போய் உட்கார்ந்து, கடலையை உடைக்க ஆரம்பித்தது. பின்னாலேயே தொப்பி. அதற்கு இன்னொரு கடலை தயாராக இருந்தது.

"உனக்கெப்படிடா அதும் பேரு தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"பஞ்சாட்ட இருக்குது, பஞ்சுன்னு கூப்புட்டேன். வேற எப்புடிக் கூப்புடுவாங்க?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு எழுந்து, இரண்டு தோளிலும் இரண்டு எலியோடு, சபையைப் பார்த்துச் சொன்னார்: "ஊடு புடிச்சிருக்குதுங்க. அடுத்த முகூர்த்தத்துலயே உப்புச்சக்கரைய மாத்திக்கலாம்."

வழியனுப்பப் போனபோது கார்க் கதவருகே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாசா மாசம் கோயமுத்தூருக்கு அரிசி எண்ணெயெல்லாம் கொண்டுபோயிக் குடுக்கறனில்லீங். நந்தினி என்னைய ஊட்டுல உட்டுட்டு ஆபீசு போயிரும். பொழுதன்னைக்கும் நான் என்ன பண்றதுங்க? கட்டலுக்குப் பின்னால என்னமோ கரகரன்னுச்சு. துணிய எடுத்துப் பாத்தனா, இதுக ரெண்டும் கும்புட்டுட்டு நிக்குதுக." கொஞ்சம் வெட்கப்பட்டார். "எலின்னா எனக்கு ஆகாதுன்னு ஊரே சொல்லீட்டிருக்குது. நந்தினிகிட்டச் சொல்லிராதீங்க மாப்ள. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்குது."

"சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்க மாமா."

சத்தியத்தைக் கல்யாணம் முடிந்த வாரம் வரை காப்பாற்றினேன். ஆனால் நந்தினி அசரவில்லை. "தெரியுமுங்க" என்றாள். "அவரு வந்துட்டுப் போன பொறகெல்லாம் கூண்டுல கடலைத் தோலு கெடக்கும். நான் தோலோட போட்டதே இல்ல." கடைசியில், எதுவும் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். என்னுடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்த சைபர்களின் அர்த்தம் அதுதான் என்று அவள் சொல்கிறாள்.

எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். பஞ்சுவும் தொப்பியும் போய்விட்டன. இப்போது இருப்பது அதற்கடுத்த ஜோடி. ஒரு ஸ்பூன்தான் போடுகிறேன். கொக்கியின் மேல் ஒரு பூட்டும் தொங்குகிறது. ஆனால் பழைய கதை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் கொஞ்சம் சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்தால் போதும், "தட்டு காலியாத்தான் இருக்குது. எதுக்கும் திவானத் தூக்கிப் பாரு கண்ணு" என்று அம்மா நந்தினியிடம் சொல்வார். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். விருந்தாளிகள் ஏன் என்று கேட்பார்கள். கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

போன மாதம் மாமனார் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நந்தினி அலமாரியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா சொன்னபடி கேட்கிறார், கீரையும் கோதுமைத் தோசையும் தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிடுகிறார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவர் ஊருக்குப் போவதற்கு முதல் நாள், கீழே விழுந்த பேனாவை எடுக்கத் திவானைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

நான்கு கடலை மிட்டாய்கள். சுவரோரமாக, வரிசையாக, பஞ்சு மக்காச்சோளம் அடுக்கிய அதே மூலையில்.

இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, திவானை இருந்தபடியே தள்ளி வைத்துவிட்டேன்.